மண்சட்டியில் தண்ணீர்

புறாப் பந்தயம் என்றதும் ரவுடிகளின் பொழுதுபோக்கு என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. 2015-இல் வந்த 'மாரி' படம் அந்த எண்ணத்தை இன்னும் கெட்டிப்படுத்திவிட்டது. திருவொற்றியூரிலும் இராயபுரத்திலும் மொட்டைமாடிகளில் நான் பார்த்த மனிதர்கள் வேறு. துறைமுகத் தொழிலாளிகள், மீன் வியாபாரிகள், ஆலை ஊழியர்கள். சம்பளத்தில் ஒரு பங்கைக் கம்புக்கும் பட்டாணிக்கும் ஒதுக்கியவர்கள். என் தாய்மாமா அவர்களில் ஒருவர்.

ஹோமர் பந்தயத்தின் முறையைச் சொல்லாமல் இந்த விஷயத்தைச் சொல்ல முடியாது. குஞ்சு பொரித்து ஒரு வாரமானதும் அதன் காலில் மூட்டில்லாத உலோக வளையம் ஒன்றை ஏற்றுவார்கள். கால் பருத்தபின் அதைக் கழற்ற இயலாது. வருடமும் எண்ணும் பொறித்த அந்த வளையமே புறாவின் அடையாளம். பந்தயத்துக்கு முன்பு சங்கத்தில் இன்னொரு காலில் இரகசிய எண் கொண்ட ரப்பர் வளையம் மாட்டப்படும். எல்லாருடைய கடிகாரங்களையும் ஒரே நேரத்துக்கு வைத்து முத்திரையிடுவார்கள். கூடைகள் வடக்கே போகும். விடியலில் திறந்துவிடப்படும் புறா தன் கூண்டுக்குத் திரும்பியதும், ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கடிகாரத்துக்குள் போட்டு அழுத்தினால் நேரம் பதிவாகும்.

முதலில் வந்த புறா வென்றது என்று அர்த்தமில்லை. கூண்டுக்குக் கூண்டு தூரம் மாறும் என்பதால் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்பதே கணக்கு. நெல்லூரிலிருந்து திருவொற்றியூர் 146 கிலோமீட்டர், இராயபுரம் 152 என்று வைத்துக்கொள்வோம். எங்கள் புறா 120 நிமிடத்தில் வந்து, இராயபுரத்துப் புறா 124 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தாலும் வெற்றி அதற்குத்தான். எங்கள் வேகம் ஏறத்தாழ 1,217 மீட்டர். அதன் வேகம் 1,226.

நாய்க் கண்காட்சியில் நடுவர் நாயைத் தொட்டுப் பார்த்து, பலர் முன்னிலையில் தீர்ப்புச் சொல்கிறார். புறாப் பந்தயத்தின் முடிவோ யாரும் பார்க்காத மொட்டைமாடிகளில் நடக்கிறது. கடிகாரத்துக்கு முத்திரை வைக்கலாம்; மாடிக்கு வைக்க முடியாது.

1994-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. நெல்லூர்ப் பந்தயத்தன்று மாமாவுக்கு முதல் ஷிப்ட். கடிகாரத்தை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். எண்ணூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும் வடதிசையை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. (2017-இல் அந்த நிலையம் மூடப்பட்டது.) வெயில் ஏறிய நேரத்தில் ஒரு புறா இறங்கியது. எங்களுடையது அல்ல. இராயபுரத்துப் பெரியவர் ஒருவரின் சிவப்புப் புறா. வடசென்னைப் புறாக்காரர்கள் எல்லாரும் அறிந்தது. அலகைத் திறந்தபடி கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்திருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் பறந்தால் அதன் வீடு.

நான் தீனியை வீசினேன். இறங்கி வந்தது. கூடையைக் கவிழ்த்தேன்.

கால்மணி நேரம் கழிந்து எங்கள் புறா வந்தது. நேரத்தைப் பதித்துவிட்டு, பிறகுதான் கூடையைத் தூக்கினேன்.

மாமா வந்தபோது கடிகாரத்தை நோக்கி ஓடினார். பாதி வழியில் நின்று, மாடியின் நடுவில் கிடந்த கூடையைப் பார்த்தார். அருகே சிவப்பு இறகு ஒன்று. "இன்னாடா இது?" என்றார். சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. "எவ்ளோ நேரம் வெச்சிருந்தே?" என்று மட்டும் கேட்டார்.

மாலை சங்கத்தில் கடிகாரங்களைத் திறந்து கணக்குப் போட்டார்கள். எங்கள் புறா முதலிடம், சிவப்பு இரண்டாவது. மாமா எழுந்து, "அந்தப் புறாவ எங்க வீட்ல கால்மணி நேரம் பிடிச்சு வெச்சிருந்தோம்" என்றார். பையன் என்று சொல்லவில்லை. அறையில் பேச்சு நின்றுவிட்டது. சங்கச் செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தானாக இறங்கிய புறாவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, முடிவு அப்படியே நிற்கட்டும் என்றார். மாமா பேனாவை வாங்கிப் பட்டியலில் தன் பெயரைத் தானே அடித்தார். அந்தப் பருவத்தின் மீதிப் பந்தயங்களுக்கு அவர் புறா அனுப்பவில்லை.

இராயபுரத்துப் பெரியவர் என்னருகே வந்து குனிந்தார். கோபம் இல்லை. "அதுக்குத் தண்ணி வெச்சியா கண்ணு?" என்றார்.

நான் வைத்திருக்கவில்லை. அலகைத் திறந்தபடி அது எதற்காக எங்கள் மாடியில் இறங்கியது என்று அந்தக் கணம் வரை நான் யோசித்ததே இல்லை.

சீனத்தில் 2018-இல் இரண்டு பேர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற செய்தியைப் படித்தபோது இது நினைவுக்கு வந்தது. முந்தைய ஆண்டு ஷாங்சியூ நகரிலிருந்து ஷாங்காய்க்கு நடந்த பந்தயத்தில், தங்கள் புறாக்களைப் பால் அட்டைப்பெட்டிகளில் மறைத்து அதிவேக ரயிலில் கொண்டுவந்தவர்கள் அவர்கள். சக போட்டியாளர்கள் வேகத்தைக் கண்டு சந்தேகப்பட்டார்கள். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் இருவரும் அந்தப் புறாக்களைக் கொன்றுவிட்டார்கள். பெல்ஜியத்தின் 'நியூ கிம்' என்ற பெண் புறா 2020-இல் 16 இலட்சம் யூரோவுக்கு ஏலம் போன உலகம் அது. ஆசையின் அளவு புரிகிறது. எங்கள் பந்தயத்தின் பரிசோ ஒரு பித்தளைக் கோப்பை. என் ஆசை மட்டும் சிறியதாக இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களும் நானும் புறாவை மறந்துவிட்டுத்தான் ஜெயிக்கப் பார்த்தோம்.

இப்போது மின்னணு வளையங்கள் வந்துவிட்டன. புறா கூண்டு வாசலைக் கடந்ததுமே நேரம் தானாகப் பதிவாகிறது. கையால் செய்யும் தில்லுமுல்லுக்கு இடம் குறைந்திருக்கிறது. வழியில் களைத்து அயலார் மாடியில் இறங்கும் புறா மட்டும் இன்றும் அந்த மாடிக்காரரை நம்பித்தான் இறங்குகிறது.

அடுத்த பருவத்தில் மாமா மறுபடி புறா அனுப்பினார். பந்தய நாட்களில் கைப்பிடிச்சுவர் மேல் ஒரு மண்சட்டி இருக்கும். "தண்ணி வை. தீனி போடாதே, தங்கிடும். குடிச்சிட்டு அது வூட்டுக்குப் போவட்டும்" என்பார். விடியுமுன் எழுந்து அந்தச் சட்டியை நிரப்புவது என் வேலை.