அப்பாருடைய மடக்குக் கத்தி

ஆட்டையாம்பட்டி என்றதும் நண்பர்களுக்குக் கைமுறுக்கு நினைவுக்கு வரும். எனக்கோ அப்பாருடைய மடக்குக் கத்திதான்!

வடக்கே இரும்புத்தாது நிறைந்த கஞ்சமலையைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, எனக்குக் கத்திகள்மீது தனி ஆசை. கொம்புப்பிடி, மரப்பிடி, பித்தளைப்பிடி என ஏழு சேர்த்து, எண்ணெய் தடவித் தகரப்பெட்டியில் அடுக்கியிருந்தேன். அப்பாருக்கு இருந்தது ஒன்றே ஒன்று. தீட்டித் தீட்டி அலகு தேய்ந்திருந்தது. மாங்காய் அரிந்ததும் மடக்கி மடியில் செருகிக்கொள்வார்.

ஒருநாள் மாலை, காட்டில் கட்டியிருந்த கன்று, கயிறு கழுத்தை இறுக்கக் கீழே கிடந்தது. நான் பெட்டியை எடுக்க வீட்டுக்கு ஓடினேன். திரும்பியபோது கன்று எழுந்து நின்றது. கயிறு அறுந்து கிடந்தது.

"பொட்டியில கெடக்கற கத்தி எதுக்கு ஆவும் கண்ணு?" என்றார் அப்பாரு.

தேர்வோடு பூட்டிவைக்கும் நம் கல்வியும் அப்படித்தானோ?

இன்று அப்பாரு இல்லை. காட்டுக்குப் போகையில் அவர் கத்தி என் மடியில் இருக்கும். கல்லூரிக்கு எடுத்து வருவதில்லை, அஞ்ச வேண்டாம்!