கண்டுபிடித்ததற்குக் கூலி

ஜூன் 3 உலக மிதிவண்டி நாள். ஐ.நா. பொதுச்சபை 2018இல் அறிவித்தது. அந்த நாளை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹெல்மெட் போட்ட கூட்டம் ஒன்று சைக்கிள் மிதிக்கும் படத்தைப் பத்திரிகையில் பார்த்தேன். லட்சத்தைத் தொடும் வண்டிகளும் அதில் இருந்தன. இவற்றுக்குக் கோளாறு வந்தால் யார் பார்க்கிறார்கள் என்று, அந்தக் கூட்டத்தில் ஒருவரான இன்சூரன்ஸ் நண்பரிடம் கேட்டேன். “என் வண்டியையே இந்த வாரம் காட்டணும், கூட வா” என்றார்.

அவருடையது பழையதாக வாங்கிய ரோடு பைக். அலுமினியச் சட்டம், கார்பன் ஃபோர்க், ரிம்மைப் பிடிக்கும் பிரேக். சத்தம் இல்லை, எதுவும் உடையவில்லை. ஆனால் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்தால் வண்டி இடதுபக்கம் சாய்கிறது. பாலத்து இறக்கத்தில் வேகம் 40 கிலோமீட்டரைத் தொட்டால் பின்பக்கம் நெளிந்து, ஹேண்டில்பாரும் ஆடுகிறது. “என்னன்னு சொல்லத் தெரியல, ஆனா இது என் வண்டி மாதிரி இல்ல” என்றார். அவர் வழக்கமாகப் போகும் ஷோரூமில் வண்டியை ஓட்டிப் பார்க்காமலே ஃபோர்க் போய்விட்டது, மாற்ற 18,000 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம்.

இந்த முறை நாங்கள் போன கடை பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்தில், ஒரு சுவரும் தகரக் கூரையும். கடைக்காரப் பெரியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். வண்டியைத் தொடவே இல்லை. “இன்னா பண்ணுது?” என்று கேட்டுவிட்டு, நண்பர் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேள்விகள். மிதிக்கும்போது மட்டுமா, காலை நிறுத்தி உருளவிட்டாலும் உண்டா? சீட்டிலிருந்து எழுந்து நின்றால் போகிறதா? எந்த வேகத்தில் ஆரம்பிக்கிறது?

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மிதிப்பதை நிறுத்தியதும் கோளாறு நின்றால் அது செயின், கிராங்க், பெடல் பக்கம். பெடல் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வந்தால் பெடலோ கிராங்கோ அச்சோ. இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் மேல் ஒருமுறை வந்தால் செயினில் ஒரு கண்ணி மடங்காமல் இறுகிக் கிடக்கிறது. ஏனென்றால் பெரிய பல்சக்கரத்தில் செயின் ஒரு முழுச் சுற்று வர அவ்வளவு நேரமாகும். சக்கரம் சுற்றும் கணக்கில் வந்தால் டயர் அல்லது ரிம். எழுந்து நின்றதும் சத்தம் நின்றால் சீட்டும் சீட் கம்பியும். “பாதி ரிப்பேரு வாயாலயே முடிஞ்சிடும் சார். எவன் கேக்கறான்?” என்றார்.

அடுத்து ரோடு. நம்முடைய சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரிந்து போடப்படுபவை. நாம் இடதுபக்கம் போகிறவர்கள். எந்த வண்டியும் கையை விட்டால் கொஞ்சம் இடதுபக்கம்தான் இறங்கும். அதனால் நண்பரைப் பக்கத்துப் பள்ளி மைதானத்தின் சமதரையில் போகவும் வரவும் ஓட்டவைத்தார். இரண்டு திசையிலும் வண்டி இடதுபக்கமே போனது. “அப்ப வண்டிலதான் கீது” என்றார்.

காற்று சரி. டயரின் ஓரத்தில் அச்சடித்த கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் இருந்ததால் டயர் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. முன் பிரேக்கை அழுத்தி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினார். ஹேண்டில் கழுத்தில் ஆட்டமில்லை. முன்சக்கரத்தைத் தூக்கி லேசாகச் சாய்த்தார். ஹேண்டில் தானாகத் திரும்பி விழுந்தது. அங்கே இறுக்கம் இருந்தால், ஓட்டுகிறவர் அறியாமல் செய்யும் சின்னச் சின்னத் திருத்தங்கள் நடக்காமல் வண்டி அலைபாயுமாம். கோன், குண்டு, கிரீஸ் என்று அவர் செய்த வேறு சில சோதனைகள் எனக்குப் புரியவில்லை, விட்டுவிடுகிறேன்.

ஃபோர்க்கின் வழக்கு ஒரு நிமிடத்தில் முடிந்தது. முன்சக்கரத்தைக் கழற்றி, இடவலம் மாற்றி மாட்டினார். ரிம் ஒருபக்கம் ஒதுங்கி நின்று, மாற்றி மாட்டியதும் மறுபக்கம் ஒதுங்கினால் குற்றம் சக்கரத்தில். எப்படி மாட்டினாலும் அதே பக்கம் ஒதுங்கினால் குற்றம் ஃபோர்க்கில். இங்கே இரண்டு முறையும் ரிம் நட்டநடுவே நின்றது. ஃபோர்க் நிரபராதி. 18,000 ரூபாயை மிச்சப்படுத்திய பரிசோதனைக்கு ஒரு கருவிகூடத் தேவைப்படவில்லை.

பிறகு டிராயரிலிருந்து எடுத்தார் அவருடைய முக்கியமான ஆயுதத்தை: அழுக்கேறிய ஒரு தூண்டில் நூல். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பின்அச்சு உட்காரும் இடத்தின் ஒருபக்கத்தில் நூலைக் கட்டி, ஹேண்டில் கழுத்துக் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கத்தில் இழுத்துக் கட்டினார், கொத்தனார் சுவருக்குப் பிடிப்பதுபோல. நடுவில் சீட் தாங்கும் குழாய். அதிலிருந்து இடப்பக்க நூலுக்கும் வலப்பக்க நூலுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்தார். இரண்டும் ஒன்றானால் சட்டம் நேர். வித்தியாசம் இருந்தால் பின்பாகம் வளைந்திருக்கிறது. பழைய இரும்பு வண்டியென்றால் அந்த நூலை வைத்துக்கொண்டே நெம்பி நிமிர்த்திவிடுவார். அலுமினியத்தை நெம்பினால் விரிசல் விடும், கார்பனை நெம்பவே முடியாது. நண்பரின் வண்டியில் இரண்டு இடைவெளிகளும் ஒன்றாக இருந்தன. நண்பர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

மிஞ்சியது பின்சக்கரம். அவர் அதைத் திரும்ப மாட்டியதும், பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை நான் எட்டிப் பார்த்தேன். இருபுறமும் சமம். “பிரேக்க நம்பாத சார். அத நவுத்தி வெச்சிருப்பானுங்க” என்று சொல்லி, ரிம்முக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியைக் காட்டினார். இடதுபக்கம் விரல் நுழையவில்லை, வலதுபக்கம் தாராளம். எப்போதோ வலப்பக்கத்துப் போக்ஸ் கம்பி ஒன்று அறுந்திருக்கிறது. புதுக்கம்பி போட்டவர் பெண்டு எடுக்கிற அவசரத்தில் வலப்பக்கக் கம்பிகளைத் தளர்த்திவிட்டார். ரிம் ஆடாமல் சுற்றியது, ஆனால் மொத்தமாக இடதுபக்கம் நகர்ந்துவிட்டது. அது தெரியாமலிருக்கப் பிரேக்கையும் இடதுபக்கம் தள்ளிவைத்துவிட்டார்.

பின்சக்கரத்தின் வலப்பக்கம் பல்சக்கர அடுக்கு இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அந்தப் பக்கக் கம்பிகள் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கின்றன. ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் அவை மிக இறுக்கமாக இருக்க வேண்டும். இடப்பக்கக் கம்பிகளுக்கு அதில் ஏறக்குறைய பாதி இறுக்கம்தான். வலது தளர்ந்தால் சக்கரம் முழுவதுமே தொளதொளத்துவிடும். இறக்கத்தில் பின்பக்கம் நெளிந்ததற்கும் அதுவே காரணம். நம் பழைய கருப்புச் சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 கம்பிகள். ஒன்று போனாலும் மாதக்கணக்கில் ஓடும். இந்த வண்டியில் பின்னால் 24தான். ஒவ்வொன்றும் சுமக்கிற பாரம் அதிகம், தப்பும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

வலப்பக்க நிப்பிள்களை அரைச்சுற்று, பிறகு கால்சுற்று என்று ஏற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையால் நெரித்தார். விரலால் சுண்டி, வலப்பக்கம் முழுதும் ஒரே சுருதியில் ஒலிக்கிறதா என்று கேட்டார்.

இந்தக் காதை அவர் எங்கே வாங்கினார்? பன்னிரண்டு வயதில் வாடகை சைக்கிள் கடையில் சேர்ந்தவர். முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர் ஆலையிலிருந்து வந்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் கடை வாசலில் வரிசையாக நிற்குமாம். மணிக்கணக்கில் எடுத்துப் போகிறவர்கள் எங்கேயோ விழுந்து எழுந்து, துடைத்துக் கொண்டுவந்து விடுவார்கள். “அவன் தெருமுனை தாண்டறதுக்குள்ள இன்னா ஒடஞ்சிதுன்னு நான் கண்டுபுடிக்கணும். இல்லன்னா மொதலாளி என் கூலில புடிச்சிக்குவாரு.” ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் பள்ளிக்கூடம். வாடகைக் கடைகள் மூடின. அங்கே படித்தவர்களும் ஆட்டோ ஓட்டப் போய்விட்டார்கள்.

இவர் மட்டும் எப்படிப் பிழைக்கிறார் என்று கேட்டபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. கடை மூலையில் கட்டிவைத்திருந்த விலையுயர்ந்த சக்கரங்கள் இரண்டு மூன்று ஷோரூம்களிலிருந்து வந்தவை. பெண்டு எடுக்க ஒரு சக்கரத்துக்கு இவருக்கு 100 ரூபாய். ஷோரூம் வாடிக்கையாளரிடம் போடும் பில் 500. ஏ.சி.க்கும் வெள்ளைக் கையுறைக்கும் மீதி. அதையாவது விட்டுவிடலாம். பாகம் மாற்றினால்தான் லாபம் என்று கடை ஏற்பாடாகிவிட்டால், அங்கே யாரும் கோளாறைத் தேட மாட்டார்கள். தேடுவதால் அவர்களுக்கு நஷ்டம். நல்ல ஃபோர்க்கைக் குப்பையில் போடுவதில் வருமானம். இதைத் திருட்டு என்று சொன்னால் மிகையில்லை. நாமும் உடந்தை. புதுப்பெட்டியில் வரும் பாகத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்போம், “ஒண்ணுமில்ல, கம்பிதான் லூசு” என்று சொல்கிறவரிடம் “அதுக்கா இவ்வளவு?” என்று பேரம் பேசுவோம்.

நண்பர் எவ்வளவு என்று கேட்டார். “வீல் ஒண்ணுதான சார், 150 குடு.” ஒன்றரை மணி நேரத் தேடலுக்கு அந்தக் கணக்கில் ஒரு பைசா இல்லை. நண்பர் 1,000 கொடுத்தார். வாங்க வைக்கப் பெரும்பாடு பட வேண்டியிருந்தது.

உங்கள் வண்டி சரியில்லை என்று உடம்புக்குத் தோன்றினால், எந்த வேகத்தில், மிதிக்கும்போதா உருளும்போதா, உட்கார்ந்தா நின்றா என்று குறித்துக்கொண்டு போங்கள். இறக்கத்தில் ஆட்டம் எடுத்தால் முழங்காலைச் சட்டக் குழாயோடு அழுத்தி, சீட்டிலிருந்து பாரத்தைக் கொஞ்சம் எடுத்து, மெல்ல வேகத்தைக் குறையுங்கள். ஓட்டிப் பார்க்காமல் பாகத்தின் விலையைச் சொல்கிற கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். உங்கள் பகுதியில் இவரைப் போல் ஒருவர் இன்னும் இருந்தால், கழற்றி மாட்டியதற்கு ஒரு கூலி, கண்டுபிடித்ததற்குத் தனியாக ஒரு கூலி கொடுங்கள். அவர் கேட்க மாட்டார், நீங்களாகக் கொடுங்கள்.