யாரும் அமுக்காத ஹாரன்

கொட்டாரம் ஜங்ஷன் சாயாக்கடை பெஞ்சுக்காரர்களுக்கு ஹாரன் சத்தம் புதிதல்ல. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற பஸ்ஸும் வேனும் இங்கே அலறாமல் போவதில்லை. ஆனால் ஆனி மாதச் சாரலில் ஓரமாக வந்து நின்ற அந்த வெள்ளைக் கார் மூச்சே விடாமல் அலறிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர் நரைத்த தலைக்காரர். சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, குற்றம் செய்தவர் மாதிரி வெளியே நின்றார்.

"சாவி இல்லாம எப்பிடி ஓய் அடிக்கும்?"

அடிக்கும். பல கார்களில் ஹாரனுக்குப் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் போகிறது. சாவிக்கு அங்கே வேலை இல்லை.

ஒருவர் ஸ்டியரிங்கின் நடுவில் ஓங்கிக் குத்திப் பார்த்தார். இன்னொருவர் பானெட்டைத் தூக்கி, "வயர வெட்டி விடும்" என்று தீர்ப்புச் சொன்னார். எதிர்ப்பக்கம் பட்டறை வைத்திருக்கிற எலக்ட்ரீசியன் சாயாவைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். கத்துகிற ஹாரனை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஃப்யூஸ் பெட்டி மூடியைத் திறந்து, அதன் உள்பக்கப் படத்தைப் படித்து, கறுப்புக் கட்டை ஒன்றைப் பிடுங்கினார். சத்தம் நின்றது.

அது ரிலே, ஹாரனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுகிற சுவிட்ச். பக்கத்திலிருந்த அதே மாதிரி ஒன்றை உருவி அந்த இடத்தில் செருகினார். மறுபடி அலறல். ஆக, ரிலே மேல் குற்றமில்லை. இந்த ஊரில் முதலில் அதைச் சந்தேகிப்பது நியாயம்தான். கடல் சில கிலோமீட்டர்தான், சாமித்தோப்புப் பக்கம் உப்பளம். பொறி பட்டுக் கருகி ரிலே முனைகள் ஒட்டிக்கொள்வதுண்டு. உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்கிடையில் சுற்றுலா பஸ் ஒன்று ஜங்ஷன் முழுக்க ஹாரனை அமுக்கிக்கொண்டே போனது. ஒருவரும் தலை திருப்பவில்லை. தேவையில்லாமலோ தொடர்ச்சியாகவோ ஹாரன் அடித்தால் முதல் தடவை 1000 ரூபாய், அடுத்த தடவை 2000 அபராதம் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். கூட்டத்தின் கோபமெல்லாம் யாருமே அமுக்காத இந்த ஹாரன் மீதுதான்.

எலக்ட்ரீசியன் ரிலேயை உருவிவிட்டு டெஸ்ட் லாம்பை எடுத்தார். ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், மறுமுனை ரிலே குழியில், ஸ்டியரிங்குக்குப் போகும் வயரின் பின்னில். பல்ப் எரிந்தது. இங்கேதான் விஷயம். ரிலே உள்ள பல கார்களில் ஹாரன் பட்டன் மின்சாரம் அனுப்புவதில்லை. எர்த் கொடுக்கிறது, அவ்வளவே. மேலே போகிற அந்த வயர் வழியில் எங்கே இரும்பைத் தொட்டாலும் ரிலே இழுத்துவிடும். விரலா இரும்பா என்று அதற்குத் தெரியாது.

"மக்கா, சாவியப் போட்டு ஸ்டியரிங்க மெல்ல ஒடி."

பட்டறைப் பையன் இடப்பக்கம் ஒடித்தான். பல்ப் அணைந்தது. நேராக்கினான், எரிந்தது.

"அண்ணாச்சி, ஏர்பேக் உண்டுமா?"

"இல்ல, பழைய வண்டியாக்கும்."

ஏர்பேக் இருந்திருந்தால் பேட்டரி மைனஸைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்துதான் ஸ்டியரிங்கில் கை வைக்க வேண்டும். இல்லையென்றால் பை முகத்தில் வெடிக்கலாம். இதில் அது இல்லை என்றாலும் மைனஸைக் கழற்றிவிட்டே ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள கவரைத் திறந்தார். முன்பு பாட்டு செட் மாட்டிய யாரோ வயரைக் கவருக்கு அடியில் நசுக்கி விட்டிருக்கிறார்கள். தோல் உரிந்து, உள்ளே செம்பு பளபளத்தது.

"டேப் மட்டும் சுத்தினா வெயிலுக்கு எளகிரும்" என்றபடி கெட்ட துண்டை வெட்டி, புது வயர் வைத்துப் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு, உரசாத இடத்தில் கட்டினார். ரிலேக்கள் அதனதன் இடத்துக்குப் போயின. பேட்டரி மைனஸை மாட்டிப் பட்டனை அமுக்கினார், அடித்தது. விட்டார், நின்றது. வயரை வெட்டச் சொன்னவர் அதற்குள் பஸ் ஏறிப் போயிருந்தார்.

கார் வைத்திருப்பவர்கள் ஃப்யூஸ் பெட்டி மூடியை ஒருமுறை திறந்து, ஹாரன் ரிலே எது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் அலறினால் அதைப் பிடுங்கினால் போதும். மீதியைக் காலையில் பட்டறையில் பார்த்துக்கொள்ளலாம்.