மாட்டு டானிக்கும் செவலையும்

எங்க தோட்டத்துச் சாளையில செவலை ஏழு குட்டி போட்டு 12 நாள் ஆகியிருந்தது. அன்னிக்குக் காலையில பால் கறந்துட்டு வந்து பார்க்கிறேன், குட்டிகளை விட்டுட்டு வாசலுக்கும் கட்டுத்தறிக்குமா நடந்துக்கிட்டே இருக்குது. நாக்கைத் தொங்கப்போட்டு அப்படி ஒரு இளைப்பு. நாலு காலும் கட்டை மாதிரி விறைச்சிருந்தது. கொஞ்ச நேரத்தில் விழுந்து, வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது.

சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்து மாமா வந்தார். "மாப்ள, வெறி புடிச்சிருக்குது. கிட்டப் போகாத, தடியெடு" என்றார். தடுப்பூசி போட்ட நாய்தான். ஆனாலும் என் கை தடியைத்தான் தேடியது, மறைக்க விரும்பவில்லை. அம்மாதான் "பாலு குடுக்கற உசுருடா, மொதல்ல டாக்டரக் கேளு" என்று அதட்டினார்.

போனில் டாக்டர் கேட்டது ரெண்டே கேள்வி. குட்டி போட்டு எத்தனை நாளு? எத்தனை குட்டி? "கால்சியம் இறங்கிடுச்சுங்க. குட்டிகளைப் பிரிச்சு வைங்க, ஈரத்துணி போடுங்க, வாயில எதையும் ஊத்தாதீங்க, உடனே கொண்டாங்க."

20 வருசமா மாடு வைத்திருக்கிறேன். கன்னு போட்ட மாடு காது சில்லிட்டு எந்திரிக்காமப் படுத்துட்டா பால் காய்ச்சல்னு தூக்கத்துலயும் சொல்லுவேன். அதே சங்கதி நாய்க்கு வந்தால் உடம்பு கொதிக்கிறது, தளராமல் விறைக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? டவுனில் பொமரேனியன் மாதிரி சின்ன ஜாதி வளர்க்கிறவங்க இதை ஞாபகம் வச்சுக்கங்க, அதுகளுக்குத்தான் இது அதிகமா வருமாம்.

டாக்டர் ஒரு கையால் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே, மருந்தை ரத்தக்குழாயில் மெல்ல மெல்ல ஏற்றினார். வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடுமாம். மருந்து முடிவதற்குள் நடுக்கம் அடங்கி, செவலை என் தொடையில் தலையை வைத்தது.

"சினையா இருக்கறப்ப என்ன குடுத்தீங்க?"

பெருமையாகச் சொன்னேன், மாட்டுக்கு வாங்கின கால்சியம் டானிக்கை ஒரு மாசமா சோத்துல ஊத்தினேன்னு. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். வெளியே இருந்து வந்துக்கிட்டே இருந்தா எலும்புல இருந்து எடுக்கற வேலைய உடம்பு மறந்துடும். குட்டி போட்டதும் பால்ல அத்தனையும் போறப்ப எடுக்க முடியாமத் திணறும் என்றார். அதோடு, குட்டி போட்டபின் டானிக்கை நிறுத்திவிட்டு வெறும் மோர்சோறு போட்ட புண்ணியவானும் நானேதான்.

ஒரு நாள் முழுக்கக் குட்டிகளைத் தாயிடம் விடக்கூடாது. கூடையில் சாக்கு விரித்து, சுடுதண்ணி பாட்டிலைத் துணியில் சுற்றி நடுவில் வைத்தோம். நாய்ப்பால் மாட்டுப்பாலை விடக் கெட்டி, அதனால் தண்ணி கலக்கவே கூடாது. டாக்டர் சொன்ன குட்டிப்பால் பவுடரைக் கரைத்து, மூணு மணிக்கொருதரம் பாட்டிலில் கொடுத்தோம். ஒவ்வொரு தடவையும் அம்மா வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் வயித்தடியில் துடைத்துவிடுவார், தாய் நக்குவது போல. அப்போதுதான் மூத்திரம் போகும்.

ராத்திரி என் முறை. தூக்கக் கலக்கத்தில் ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி மல்லாத்திப் பிடித்து ஊட்டினேன். புரையேறிவிட்டது. குப்புறப் படுக்கவைத்துத்தான் கொடுக்கணும்னு சொல்லியிருந்தார்கள். விடியும்போது அது இல்லை.

மீதி ஆறும் பிழைத்தன. பகலில் கொஞ்ச நேரம் தாய்ப்பால், மீதிக்குப் பாட்டில் என்று ஓட்டினோம். செவலைக்கு டாக்டர் எழுதின கால்சியம், முட்டை, ஈரல். அடுத்த ஈத்திலும் வர வாய்ப்பு அதிகம் என்றதால், குட்டிகள் பால் மறந்ததும் கருத்தடை செய்துவிட்டோம். குட்டிகளில் ஒன்றை மாமா கேட்டு வாங்கிப்போனார்.