வல்வைக் கரையிலே இரு தினங்கள்

நண்பர்கள் ஐவர் கூடிச் சனி, ஞாயிறு இரு தினங்களையும் வெளியூரிலே கழிப்பதென்றால் முதலில் எழும் கேள்வி ‘எங்கே போகலாம்?’ என்பது. இரண்டாவது கேள்வியை எல்லோரும் மனத்துக்குள்ளே கேட்டுக்கொள்கிறார்கள். வாய்விட்டுக் கேட்பவரைக் காண்பது அரிது. ‘தலைக்கு எவ்வளவு முடியும்?’ என்பதே அது. அதை வாய்விட்டுக் கேளாத குற்றத்துக்காக நாங்கள் ஒரு நல்ல சிநேகிதரை இழந்துவிடப் பார்த்தோம்.

நாங்கள் ஐவரும் ஒரே பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இன்று ஒருவர் வங்கியிலே உத்தியோகம் பார்க்கிறார். ஒருவர் கொழும்பிலே மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஒருவர் நோர்வே சென்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஒருவர் கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் ஆசிரியர். எஞ்சிய ஒருவர் இக்கட்டுரைக்குக் கை கொடுத்தவர். 2022 தை மாதத்திலே நோர்வே நண்பர் வந்திருந்தபோது எல்லோருமாக நுவரெலியாவுக்குப் போனோம். நல்ல விடுதி, நல்ல குளிர், அதைவிடக் குளிர்ச்சியான பில்! இராப்போசனத்தின்போது நாங்கள் நால்வரும் வேண்டியதையெல்லாம் வரவழைத்து உண்டோம். ஆசிரியரோ சூப்பும் பாணும் போதுமென்றார். வயிறு சரியில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டோம். கணக்கை ஐந்தாற் பிரித்தோம். அவரும் சிரித்த முகத்தோடு தம் பங்கை வைத்தார்.

மறு ஆண்டு அழைத்தபோது பரீட்சை வேலை என்றார். அதற்கடுத்த ஆண்டு காய்ச்சல் என்றார். அவருடைய மனைவி எங்கள் வீட்டாரிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லித்தான் உண்மை வெளிப்பட்டது. அந்த நுவரெலியாப் பயணத்துக்காக அவர் மனைவியின் சங்கிலியை அடைவு வைத்திருக்கிறார். சில வாரங்களில் நாட்டைப் பண நெருக்கடி பிடித்துக்கொண்டது. ஒரு சம்பளத்திலே அரிசி வாங்குவதா, அடைவு மீட்பதா? இரண்டாண்டு அந்தச் சங்கிலி வீட்டுக்கு வரவில்லை. எங்கள் ஆரஞ்சுக் கேக்கின் விலையில் ஒரு பங்கு அதிலே இருந்ததென்பதை எண்ணியபோது எங்களுக்கு நாணமாக இருந்தது.

ஆகவே 2025 மாசியில் நோர்வே நண்பர் மீண்டும் வந்தபொழுது வங்கி நண்பரே தொலைபேசியை எடுத்தார். “வல்வெட்டித்துறை. பெரியம்மா வீட்டிலை தங்கல். தலைக்கு ஐயாயிரம் ரூபா, அதுக்கு மேலை ஒரு சதமும் இல்லை. காசுப் பையை நீதான் வைச்சிருக்க வேணும்.”

மறுமுனையில் சிறிது மௌனம்.

“பஸ் காசும் அதுக்குள்ளையோ?”

“அதுக்குள்ளைதான்.”

“அப்ப வாறன்.”

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் புறப்பட்டோம். 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவியின் வடபாதை 1990 இல் அறுந்துபோய், 2014 ஒக்டோபரில்தான் ரயில் மறுபடி யாழ்ப்பாணத்தை எட்டியது. எங்கள் தலைமுறைக்கு அந்தத் தண்டவாளத்தின் சத்தம் இன்னமும் ஒரு புதுமையே. யாழ்ப்பாணப் பேருந்து நிலையத்திலே ஆசிரியர் எங்களுக்கு முன்பாகவே வந்து காத்திருந்தார். கையிலே ஒரு துணிப்பை. அதற்குள் ஒற்றை றூள் கொப்பி ஒன்று. அவ்விடத்திலேயே நால்வரிடமும் பணத்தை வாங்கித் தம்முடையதையும் சேர்த்து, 25,000 என்று முதல் வரியிலே எழுதிக்கொண்டார்.

வல்வெட்டித்துறை யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். புகையிலைத் தோட்டங்களும் பனங்கூடலும் பின்னோக்கி ஓட, தொண்டைமானாற்றைக் கடந்ததும் கடல் சட்டென்று இடப்புறத்தில் வந்து நிற்கிறது. அதன் பின் பாதையும் கடலும் ஒன்றையொன்று விடுவதில்லை. அலைக்கும் வீதிக்கும் இடையிலே சில இடங்களில் ஒரு படகு அகலந்தான் இருக்கும்.

பெரியம்மாவின் வீட்டிலே பைகளை வைத்துவிட்டுக் கரைக்கு ஓடினோம். மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. கூறுபவர் விலையை ஏற்றும் வேகத்தை எங்கள் வங்கி நண்பராலேயே பின்தொடர முடியவில்லை. ஆசிரியர் மட்டும் அசையாமல் நின்று, பெரிய மீன்களெல்லாம் போன பிறகு, விளைமீன் தலைகளும் சிறு நண்டும் ஒரு கை இறாலும் வாங்கினார். “கூழுக்கு இது காணும்” என்றார்.

கூழைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். ஐந்து பேர் குறைந்த செலவில் நிறைந்த வயிறோடு எழும்புவதற்கு வடபகுதியிலே இதற்கு நிகரான உணவு இல்லை. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல்மாவை முதலில் தண்ணீரிலே ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்துவிட வேண்டும். கயர்ப்பு அதனோடு போய்விடும். பெரிய பானையிலே ஒரு பிடி அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டு, மீன் தலை, நண்டு, இறால் எல்லாம் வெந்து வரும்போது முருங்கையிலையைத் தூவி, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் விட்டு, கடைசியாக மாவைக் கரைத்து ஊற்றித் துழாவ வேண்டும். மா சேர்ந்த பிறகு கையெடுத்தால் அடிப்பிடிக்கும். மருந்துக்கடை நண்பரிடம் அகப்பையைக் கொடுத்திருந்தோம். அவர் கைத்தொலைபேசியைப் பார்த்ததனாலே சிறிது அடிப்பிடித்தது. பெரியம்மா அவரை ஏசிய ஏச்சு கூழுக்குத் தொட்டுக்கொள்ளப் போதுமானதாக இருந்தது. பிறகு பனையோலையிலே பிளாக் கோலி, எல்லோருக்கும் வார்த்தார். “இருந்து ஆறுதலாக் குடியுங்கோ பிள்ளையள்.” முற்றத்திலே வட்டமாக இருந்து குடித்தோம். ஒருவருக்கு நண்டுக் கால் கூட, ஒருவருக்கு இறால் குறைய என்பதைத் தவிர வேறு பங்குத் தகராறு இல்லை.

உள்ளே சுவரிலே இளைஞர் ஒருவரின் படம் மாலையோடு இருந்தது. கீழே 1989 என்று எழுதியிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 2 ஆம் திகதி தொடங்கிச் சில நாள்களுக்குள் இவ்வூரிலே பொதுமக்கள் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டனர். பெரியம்மா அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை; நாங்களும் கேட்கவில்லை. படத்தின் முன் விளக்கு எரிந்தது.

மாலையிலே மறுபடி கடற்கரை. பொங்கல் தினத்துப் பட்டப் போட்டி முடிந்து வாரங்கள் சில ஆகியும், பிள்ளைகள் பட்டத்தை விடவில்லை. கொக்கும் பிராந்தும் எட்டுமூலையுமாக வானம் நிறைந்திருந்தது. விண் கட்டிய பட்டமொன்று இருட்டிய பிறகும் கண்ணுக்குத் தெரியாமல் மேலே நின்று முரன்றுகொண்டிருந்தது. இக்காட்சிக்கு நுழைவுச் சீட்டுக் கிடையாது என்று கணக்குக் கொப்பியிலே ஒரு பூச்சியம் எழுதினார் ஆசிரியர். பொங்கலன்று போட்டியைப் பார்க்க விரும்புவோர் முன்கூட்டியே தங்குமிடம் தேடிக்கொள்ள வேண்டும். அன்றைய கூட்டத்திலே பெரியம்மாமார் உள்ளவர்களுக்கே இடம் கிடைப்பது கஷ்டம்.

கப்பல் கதையை ஆசிரியர்தான் சொன்னார். பர்மாவுக்கும் தமிழகக் கரைகளுக்கும் பாய்மரக் கப்பலோட்டிய ஊர் இது. இவ்வூரிலே கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ என்னும் 89 அடி நீளப் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். அதற்கு ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ எனப் பெயர் மாற்றப்பட்டது. 1937 இல் இக்கரையிலிருந்து புறப்பட்ட அக்கப்பலை வல்வைத் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவருடைய மாலுமிகளும் செங்கடல், சுயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல் வழியாக அத்திலாந்திக்கைக் கடத்தி, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளஸ்டர் துறைமுகத்திலே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கப்பலில்லாமலும் கடலைக் கடந்தவர்கள் உண்டு. தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954 இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்தினார். இவ்வூர்ப் பிள்ளையான ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கும் அங்கிருந்து மீண்டும் இலங்கைக்குமாகப் பாக்கு நீரிணையை 51 மணித்தியாலத்திலே நீந்திக் கடந்தார். 1984 இல் ஆங்கிலக் கால்வாயிலே முயன்றபோது உயிர் துறந்தார். இவற்றைச் சொல்லும்போது ஆசிரியரின் குரல் பழைய குரலாகிவிட்டது. நுவரெலியாவிலே அவர் இரண்டு நாளும் பேசிய சொற்களை விரல்விட்டு எண்ணியிருக்கலாம்.

ஞாயிறு அதிகாலை இரவல் சைக்கிள்களிலே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதிக்குப் போனோம். பூசகர் வாயைத் துணியாற் கட்டி மௌனமாகப் பூசை செய்யும் முருகன் கோயில் அது. அங்குள்ள மடங்களிலே அடியார்க்கு அன்னதானம் நடப்பதனால் ‘அன்னதானக் கந்தன்’ என்பர். காலை உணவுச் செலவு மிச்சம் என்று மருந்துக்கடை நண்பர் மகிழ்ந்தார். ஆசிரியர் விடவில்லை. கடையிலே உண்டால் என்ன முடியுமோ அதனைக் கணக்கிட்டு உண்டியலிலே போட்ட பிறகே எங்களைப் பந்தியிலே இருக்கவிட்டார். மலிவாக ஊர் சுற்றுவதென்பது பிறர் தருமத்திலே சுற்றுவதன்று என்பது அவர் கட்சி. எங்களுக்கும் உடன்பாடே.

பத்து மணிக்கு ஓட்டோக்காரர் ஒருவரோடு விலை பேசி, பருத்தித்துறை, வல்லிபுரம் வழியாக மணற்காட்டுக்குச் சென்றோம். ஓட்டோவிலே ஐவரும் இருந்த கோலத்தை வருணிக்காமல் விடுவதே நல்லது. வல்லிபுர ஆழ்வாரைக் கும்பிட்டுவிட்டு அப்பால் போனால் வெண்மணல் மலைபோல எழும்புகிறது. பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிந்த சுவர்கள் மணலுக்குள்ளே பாதி புதைந்து நிற்கின்றன. நோர்வே நண்பர் மேட்டுச்சியிலே ஏறி நின்று ஒரு கணம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “மச்சான், இது பனி மாதிரியே இருக்கடா!” என்றார்.

காய்ந்த தென்னோலை மட்டையொன்றை எங்கிருந்தோ இழுத்துவந்தார். அதன்மேல் இருந்து சறுக்கினார். பாதி வழியிலே மட்டை ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக உருண்டார்கள். பிறகு நாங்கள் எல்லோரும் உருண்டோம். ஐம்பதை நெருங்கும் வயதில் இது தகுமா என்று கேட்பவர்கள் ஒருமுறை உருண்டு பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

களைத்து நிழலிலே இருந்தபோது, “உங்கடை ஊரிலை சறுக்கப் போறதுக்கு நிறையக் காசு முடியுமோ?” என்று ஆசிரியர் கேட்டார். நண்பர் சிரித்தார். மலை விடுதிக்குப் போனால் முடியுமாம். ஆனால் ஒஸ்லோ நகரைச் சூழ்ந்த நூர்ட்மார்க்காக் காட்டிலே சறுக்குத் தடங்களுக்குக் கட்டணமில்லை. நகர ரயிலிலேயே காட்டின் விளிம்புக்குப் போய்விடலாம். பாணைத் தாளிலே சுற்றிக் கொண்டுபோவது அந்நாட்டார் வழக்கம். உயிர்த்த ஞாயிறு விடுமுறையென்றால் ஆரஞ்சுப் பழமும் சாக்கலேட்டும் சேரும். “வந்த புதுசிலை, கூட வேலை செய்யிறவை மலை விடுதிக்குக் கூப்பிடுவினம். நான் காய்ச்சல் எண்டு சொல்லுவன்,” என்றார்.

ஆசிரியர் அவரைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்திலே சிரித்தார்கள். சங்கிலியைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. சென்ற ஆவணியிலே அது வீட்டுக்கு வந்துவிட்டது என்பதை அவரே, வேறு ஏதோ சொல்லும்போது இடையிலே சொன்னார்.

திரும்பும் வழியிலே பருத்தித்துறையில் இறங்கித் தெருமூடிமடத்தைப் பார்த்தோம். வழிப்போக்கர் இளைப்பாற வீதியின் மேலேயே கூரையிட்டுக் கட்டிய மடம். அதன் கல் திண்ணையிலே ஆசிரியர் கொப்பியை விரித்தார். பெரியம்மாவுக்கு வாங்கிய சேலை உட்பட எல்லாம் கழித்து 1,340 ரூபா மிச்சம். ஐந்தாற் பிரித்தால் தலைக்கு 268 என்று வங்கி நண்பர் கணக்குச் சொன்னார். ஆசிரியர் பையை மூடிவிட்டார்.

“பிரிக்கேலாது. வடை வாங்கப் போறன்,” என்று எழுந்து நடந்தார். தட்டையாகவும் மொறுமொறுப்பாகவும் இருக்கும் பருத்தித்துறை வடை பல நாள் கெடாது. ஐந்து வீட்டுக்கும் ஐந்து பொதி வந்தது. மீதிச் சில்லறையை எண்ணி, கொப்பியின் அடுத்த பக்கத்திலே ‘2026 - முன்மீதி’ என்று எழுதினார்.