சிவப்புப் பென்சில்

கோட்டைக்குப்பம், ஜனவரி 6, 2025

நேற்று இரவு ஏரியில் வலை கட்ட அப்பாவுக்குப் பாடு, அதாவது முறை. விடியும் நேரத்தில் சுத்து வலையோடு திரும்பினார். இறால் பரவாயில்லை. அம்மா பெரியதை ஒரு கூடையிலும் பொடியை இன்னொன்றிலும் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது அத்தை வந்து உட்கார்ந்தார்.

"நாலு வருஷத்துல ரெண்டு நாடு பாத்துட்ட. ஹாலந்து நல்லாயிருக்கா, போர்ச்சுகல் நல்லாயிருக்கா? நம்ம பையன எங்க அனுப்பறது, சொல்லு."

அத்தை மகன் டிப்ளமோ முடிக்கப் போகிறான். நெதர்லாந்தின் டெல்ஃப்டில் இரண்டு வருடம் நீர் மேலாண்மை படித்தேன். அதன் பிறகு போர்ச்சுகலின் அவெய்ரோவில் ஆய்வு வேலை. எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். "திரும்பிப் போறதுக்குள்ள சொல்றேன் அத்தை" என்றேன். அதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

ஜனவரி 8

பணக்கணக்கை முதலில் முடித்துவிடலாம். இந்த மாதம், 2025 ஜனவரி முதல், நெதர்லாந்தில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14.06 யூரோ. போர்ச்சுகலில் மாதத்துக்கு 870 யூரோ. வருடத்துக்குப் பதினான்கு சம்பளம் உண்டு. எப்படிக் கூட்டினாலும் டச்சுக்காரர் கையில் வாங்குவது இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் டெல்ஃப்டில் ஓர் அறை கிடைக்க மூன்று மாதம் அலைந்தேன். உதவித்தொகையில் பாதிக்கு மேல் வாடகைக்கே போனது.

வைத்தியத்தில் இரண்டு நாடும் வேறு வேறு வழி. நெதர்லாந்தில் எல்லோரும் கட்டாயம் தனியார் காப்பீடு எடுக்க வேண்டும். குடும்ப மருத்துவரைப் பார்க்கத் தனியாகக் காசில்லை. மருத்துவமனைக்குப் போனால் வருடத்தில் முதல் 385 யூரோ நம்முடையது. போர்ச்சுகலில் 1979இல் தொடங்கிய பொதுச் சுகாதாரச் சேவை வரிப்பணத்தில் நடக்கிறது. அங்கே தட்டுப்பாடு பணத்துக்கு அல்ல, மருத்துவருக்கு. 15 லட்சம் பேருக்கு மேல் குடும்ப மருத்துவர் கிடையாது. காய்ச்சலோடு ஓர் இரவு ஆறு மணி நேரம் நாற்காலியில் காத்திருந்தேன்.

இவ்வளவு வித்தியாசம் இருந்தும் இரண்டு நாட்டிலும் மனிதர்கள் சராசரியாக எண்பது வயதைத் தாண்டி வாழ்கிறார்கள். சம்பளம் பாதியாகிவிட்டதால் ஆயுள் பாதியாகவில்லை. இதை அத்தைக்குச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 11

சாயங்காலம் டச்சுக் கல்லறைக்குப் போனேன். வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். சின்ன வயதில் அவற்றைப் பார்த்துப் பயந்து ஓடியிருக்கிறேன்.

போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எங்கள் பழவேற்காட்டுக்கு வந்துவிட்டார்கள். அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்து 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். இன்று அந்த இடம் முள்ளும் செங்கல்லுமாகக் கிடக்கிறது. இங்கிருந்து துணி போனது. மனிதர்களும் அடிமைகளாக டச்சுக்காரர்களின் பத்தேவியா நகரத்துக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். இதைச் செய்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு கிளைகள். ஒன்று டெல்ஃப்டில் இருந்தது. அந்த ஊரின் கால்வாய்க்கரை மாளிகைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கரை நினைவுக்கு வரும். அவர்களுடைய வாழ்க்கைத் தரத்தின் அஸ்திவாரத்தில் எங்கள் கடற்கரையின் கல்லும் இருக்கிறது. அங்கே போகிற எங்கள் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். தலை குனியாமல் நிற்கலாம்.

ஜனவரி 14, பொங்கல்

கருவாட்டுக் குழம்பு நாளைக்குத்தான் என்றார் அம்மா. போர்ச்சுகலில் கிறிஸ்துமஸ் இரவு விருந்தே ஒருவகைக் கருவாடுதான் என்றதும் சிரித்தார். வட அட்லாண்டிக் கடலின் காட் மீனை உப்பிட்டு உலர்த்தி, தண்ணீரில் ஊறவைத்துச் சமைக்கிறார்கள். 'பக்கல்யாவ்' என்று பெயர். நான் தங்கியிருந்த வீட்டுக்காரப் பாட்டி, மத்தியானச் சூப்பு குடிக்காமல் என்னை வெளியே விட்டதில்லை. டெல்ஃப்டில் பக்கத்து அறைக்காரர்கள் நல்லவர்கள். ஆனால் ஒரு காபி குடிக்கக்கூட இரண்டு வாரம் முன்பே நாள் குறிக்க வேண்டும். உலக மகிழ்ச்சி அறிக்கை போன வருடம் நெதர்லாந்துக்கு 6ஆவது இடமும் போர்ச்சுகலுக்கு 55ஆவது இடமும் கொடுத்தது. அந்தப் பாட்டியின் சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவெய்ரோவும் நம்மைப் போலவே உப்பங்கழி ஊர். பதினாறாம் நூற்றாண்டில் ஒரு பெரும்புயல் அதன் முகத்துவாரத்தை மணலால் அடைத்தது. தண்ணீர் தேங்கியது, நோய் வந்தது, துறைமுகம் செத்தது, ஜனங்கள் ஊரை விட்டுப் போனார்கள். நிலையான வாய்க்கால் வெட்டிக் கடலைத் திறந்தது 1808இல்தான். கழியின் வாய் மூடினால் ஊரின் வாயும் மூடும். இது எங்கள் குழந்தைகளுக்கும் தெரியும்.

ஜனவரி 16

அப்பாவோடு படகில் முகத்துவாரம் வரை போனேன். நீர் குறைந்த இடத்தில் இருளர் பெண்கள் பறிக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையை மேலே எடுத்தபோது விரல் நுனி முழுக்க வெளுத்துச் சுருங்கியிருந்தது. கொஞ்சம் தள்ளிப் படகின் அடி மணலில் உரசியது. அப்பா இறங்கித் தள்ளினார். முகத்துவாரத்துக்கு நிரந்தர வழி கேட்டு எங்கள் ஊர்கள் பல ஆண்டு போராடிய பிறகுதான் கற்சுவருக்கு அரசு பணம் ஒதுக்கியது.

அப்போது எனக்கு டெல்ஃப்டின் சிவப்புப் பென்சில் நினைவுக்கு வந்தது. 2023 மார்ச் 15. நெதர்லாந்து முழுவதும் நீர்வாரியத் தேர்தல். மொத்தம் 21 வாரியங்கள். டெல்ஃப்ட் பகுதியினுடையது 1289இலிருந்து இருக்கிறது. கரையைக் காப்பது, நீர்மட்டத்தை வைத்திருப்பது, கழிவுநீரைச் சுத்தம் செய்வது எல்லாம் அவர்கள் வேலை. அதற்குத் தனி வரியும் வசூலிக்கிறார்கள். அங்கே முறைப்படி வசிக்கிற, பதினெட்டு வயது நிறைந்த யாருக்கும் ஓட்டு உண்டு. குடியுரிமை வேண்டியதில்லை. மேசை அளவு வாக்குச்சீட்டை விரித்து, சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டத்தை நிரப்பினேன். பிறந்த ஊரின் ஏரியைப் பற்றி என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வந்து ஒன்றரை வருடமான ஊரில் தண்ணீரைப் பற்றி என் கருத்தைச் சீட்டுக் கொடுத்துக் கேட்டார்கள்.

கேட்டால் மட்டும் போதாது, செய்யவும் வேண்டும். 1953 பிப்ரவரி வெள்ளத்தில் அங்கே 1,836 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் உழைத்துக் கடலுக்குக் கதவு போட்டார்கள். கடல் மட்டத்துக்குக் கீழே கால்வாசி நிலத்தை வைத்துக்கொண்டு அவர்கள் நிம்மதியாகத் தூங்குவது அதனால்தான்.

நமக்கும் முறை இல்லாமல் இல்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் மூன்றும் முறை வைத்து ஏரியைப் பங்கிடுவதுதான் பாடு. சீட்டு எடுத்து, இன்றைக்கு யார் எங்கே வலை கட்டுவது என்று முடிவாகும். அதனால்தான் ஒருவன் சாப்பிட ஒருவன் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் பாடு முறையில் பங்குள்ள தலைக்கட்டில் என் அம்மாவுக்கு இடமில்லை. அந்த இருளர் பெண்களுக்கும் இல்லை. வெளியே துறைமுகமும், அனல்மின் நிலையமும், ஏரி விரிந்துகிடக்கும் இரண்டு மாநிலங்களின் அரசுகளும் எடுக்கும் முடிவுகளில் எங்கள் பாடு முறைக்கும் இடமில்லை.

ஜனவரி 18

நாளை இரவு விமானம். அத்தைக்குப் பதில் சொல்லிவிட்டேன். "பையன் ஹாலந்துக்குப் போகட்டும். முதல்ல தங்க அறை பாத்துட்டுப் போகட்டும். மனசுக்கு முடியலன்னா போர்ச்சுகல் பாட்டி வீட்டு விலாசம் தர்றேன்."

சம்பளத்துக்காக மட்டும் நான் நெதர்லாந்தைச் சொல்லவில்லை. தான் குடிக்கிற, மிதக்கிற, மூழ்கக்கூடிய தண்ணீரைப் பற்றி ஒரு மனிதனிடம் கேட்டு முடிவெடுப்பது எந்த ஊரோ, அந்த ஊரில்தான் வாழ்க்கை உயர்ந்திருக்கிறது. இது என் தீர்ப்பு.

ஆட்சியில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழவேற்காடு ஏரிக்கு இரண்டு மாநிலமும் சேர்ந்து ஒரு வாரியம் அமையுங்கள். அதன் உறுப்பினர்களை ஏரியால் பிழைப்பவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். பாடு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும், கூடை சுமப்பவர்களுக்கும் பறி கடிப்பவர்களுக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. முப்பது வருடமாக இந்த ஏரியின் மீனை விற்றுத்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தார். டெல்ஃப்டில் எனக்குக் கிடைத்த சீட்டு, பழவேற்காட்டில் அவருக்குக் கிடைக்க வேண்டும்.