மகாமகப் படமும் 2052-ம்

போன மாசம் அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது 1956 கும்பகோணம் மகாமக மலர் ஒன்று கிடைத்தது. நடுப்பக்கத்தில் குளம். தலைகள்தான் தெரிகின்றன, தண்ணீரைக் காணோம்! அதில் ஒரு புள்ளியைக் காட்டி, தாத்தா தோளில் இருப்பது தான்தான் என்கிறார் அப்பா. அப்போது அவருக்கு அஞ்சு வயசு.

விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இங்கே புனேயில் எடுக்கும் படங்களை அங்கே ஏற்றும் பழக்கம் உண்டு. சனிவார்வாடா வாசல் பாஜிராவ் சிலையா, தாராளமாக ஏற்றலாம். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையைப் படமெடுக்க நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. சுவர் ஓவியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

மலர்ப் படம்தான் படுத்தியது. மலர் என்னிடம் இருக்கிறது, உரிமை இல்லை. அடகு நகை எங்கள் பெட்டகத்தில் இருக்கிறது என்பதற்காக நாங்கள் போட்டுக்கொள்ள முடியுமா?

இந்தியாவில் இப்போது புகைப்படத்துக்கு, எடுத்தவர் இறந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருஷம்.  அது போதாதென்று, காமன்ஸ் அமெரிக்கக் கணக்கையும் கேட்கிறது. 1996 ஜனவரி 1 அன்று இங்கே உரிமை உயிரோடிருந்த படத்துக்கு அங்கே, வெளியானதிலிருந்து 95 வருஷம். ஆக அங்கே 2052 ஜனவரியில்தான் விடுதலை.

"அப்போ தாத்தாவுக்கு நூறு தாண்டிடுமே" என்றாள் மகள்.

எடுத்தவரின் வாரிசு எழுத்தில் அனுமதி தந்தால் இப்போதே ஏற்றலாம். படத்தின் கீழே பொடி எழுத்தில் ஸ்டூடியோ பேர் இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பெரிய கடைத்தெருவில் விசாரிக்கணும்.

அப்பா இப்பவே டிக்கெட் போடச் சொல்கிறார்.